எம்.எஸ். (சாதா இரும்பு) வேலைக்கு மிக் ஒயர்: 0.8 மி.மீ.-ஆ, 1.2-ஆ? கேட்டுக்கும் டிராலிக்கும் ஒரே காயில் போதுமா?

#1 திருமங்கலம்_பட்டறை
அண்ணன்மாருக்கு வணக்கம். ராடு வெல்டிங்ல இருந்து சிஓ2-வுக்கு (மிக்: காயில்ல இருந்து ஒயர் தானா ஓடி, கேஸ் திரைக்குள்ள உருகுற வெல்டிங்) மாறுறோம். சிங்கிள் பேஸ், 200 ஏம்பியர் இன்வெர்ட்டர் மிஷின். வேலை ரெண்டு வகை. கேட், கிரில் ஒரு பக்கம்: 18 கேஜ் ஷீட், 40×40 ஸ்கொயர் பைப் 2 மி.மீ. டிராக்டர் டிராலி ரிப்பேர் இன்னொரு பக்கம்: 6, 8 மி.மீ. பிளேட், சேனல். கடையில "எம்.எஸ். ஒயர்"னு கேட்டா 0.8, 1.2, கேஸ் வேணாங்கிற ஒயர்னு மூணையும் எடுத்து வைக்கிறாங்க. எது எதுக்கு? ஒரே காயில்ல ஓட்ட முடியுமா?

#2 வைகை_வடகரை
டிராலிக்கு ராடையே வச்சுக்க தம்பி. சிஓ2 கேட்டுக்கு மட்டும். வம்பே இல்ல.

#3 கப்பலூர்_பேப்ரிகேஷன்
வடகரை அண்ணன் சொல்றதுல பாதி சரி, அதுக்குப் பின்னாடி வர்றேன். முதல்ல டப்பாவைப் படிங்க தம்பி. "எம்.எஸ். ஒயர்"ங்கிறது கடைக்காரர் வச்ச பேரு. லேபிள்ல ஈஆர்70எஸ்-6னு இருக்கணும். அமெரிக்க வெல்டிங் சொசைட்டியோட ஏ5.18 தரத்துல வர்ற பேரு அது. 70ன்னா வெல்டு மெட்டல் சதுர அங்குலத்துக்குக் குறைஞ்சது 70,000 பவுண்டு இழுவை தாங்கணும், சுமார் 480 மெகாபாஸ்கல். நமக்கு வர்ற சாதா பிளேட்டுக்கு (இந்தியத் தரத்துல ஐஎஸ் 2062 இ250) அது 410. ஒயர் எப்பவுமே பிளேட்டை விடக் கெட்டி. அதனால ஜாயின்ட் விட்டுப்போச்சுன்னா ஒயரைத் திட்டாம, பிளேட்டுல பிடிச்சுச்சான்னு பாக்கணும்.

எஸ்-ங்கிறது உள்ள பவுடர் இல்லாத முழுக்கம்பி. கடைசியில இருக்கிற 6-தான் முக்கியம். அதுல மாங்கனீஸ் 1.40–1.85, சிலிக்கான் 0.80–1.15 சதவீதம். எஸ்-3 ஒயர்ல மாங்கனீஸ் 0.90–1.40, சிலிக்கான் 0.45–0.75 தான். ஏன் கூடுதலா வேணும்? ஆர்க் சூட்டுல சிஓ2 உடைஞ்சு ஆக்சிஜன் வெளிய வரும். பிளேட்டு மேல இருக்கிற கருப்புத் தோலு, துருவுல இருந்தும் ஆக்சிஜன் வரும். அதைப் பிடிச்சு கசடா மேல கொண்டாந்து விடுறது இந்த ரெண்டு சரக்கும்தான். பீடு (உருகி உறைஞ்ச வெல்டு வரி) மேல அங்கங்க கண்ணாடி மாதிரி பழுப்புத் திட்டு நிக்கும் பாருங்க, அதுதான் அது. சுத்தமான சிஓ2-வுல ஓட்டுற நமக்கு எஸ்-6தான் சரி. அந்தத் திட்டை ஒயர் பிரஷ்ல தட்டி எடுக்காம பெயின்ட் அடிச்சா கொஞ்ச நாள்ல பெயின்ட்டோட பேந்து வரும். பவுடர் கோட்டிங்னா இன்னும் மோசம்.

இப்ப சைஸ். எம்.எஸ்-க்கு 1 மி.மீ. கனத்துக்கு 40 ஏம்பியர்னு வச்சுக்கங்க. 18 கேஜ் 1.2 மி.மீ., சுமார் 50. 2 மி.மீ. பைப்புக்கு 80. 3 மி.மீ.க்கு 120. 5 மி.மீ.க்கு மேல ஒரே பாஸ்ல (ஒரே ஓட்டத்துல) முடிக்கப் பாக்காம, ரெண்டு மூணு பாஸா பிரிச்சுப் போடணும். 0.8 ஒயர் 50-லருந்து 150 ஏம்பியர் வரைக்கும் நல்லா ஓடும். 1.0 ஒயர் 80–200. 1.2 ஒயர் 120-க்குக் கீழ அடம்பிடிக்கும், 150-க்கு மேலதான் அதோட முகமே தெளியும். அதை 18 கேஜ்ல வச்சா ஓட்டைதான்.

#4 மேலூர்_ஷெட்
//1.2 ஒயர் 120-க்குக் கீழ அடம்பிடிக்கும்//

1.2-ஐ ஒதுக்கிறாதீங்க. பெரிய ஷெட் கம்பெனிகள்ல பூரா 1.2தான் ஓடுது. 200 ஏம்பியர் மிஷின்தானே, போட்டுப் பாக்கலாம்ல?

#5 கப்பலூர்_பேப்ரிகேஷன்
அங்க இருக்கிறது த்ரீ பேஸ் 400 ஏம்பியர் மிஷின். இவர்கிட்ட சிங்கிள் பேஸ். மிஷின்ல 200னு எழுதியிருந்தாலும் அது எத்தனை நிமிஷத்துக்குன்னு பக்கத்துலயே இருக்கும். 60 சதவீதம்னா 10 நிமிஷத்துக்கு 6 நிமிஷம் ஓட்டு, 4 நிமிஷம் ஆற விடு. அதுவும் சுத்தி 40 டிகிரி வரைக்கும்தான் கணக்கு. சித்திரை வெயில்ல தகரக் கூரைக்குக் கீழ 40 எங்க நிக்கும்?

அடுத்தது லைன். கிராமத்து லைன்ல சாயங்காலம் 230 வோல்ட் வர்றதே அபூர்வம். அது போக எக்ஸ்டென்ஷன் ஒயர்ல போறது தனி. 30 மீட்டர் தூரம், 25 ஏம்பியர் இழுத்தா 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) காப்பர்ல 18 வோல்ட் போயிரும். 2.5-ல 11 வோல்ட். 4 ஸ்கொயர்ல 7. அதையும் சுருட்டி வச்சபடியே ஓட்டினா சூடேறி உருகும், முழுசா விரிச்சுப் போடணும். இவ்வளவும் போக மிச்ச கரண்டுல 1.2-ஐ உருக்குறது கஷ்டம். பிளேட்டு குளிர்ந்தபடி இருக்கும், மேல பீடு மட்டும் படுத்துக் கிடக்கும்.

தம்பி, உங்க மிஷினுக்கு ரெண்டு காயில்: கேட்டுக்கு 0.8, பிளேட்டுக்கு 1.0. கடையில 1.0-ஐ அவங்களா எடுத்து வைக்க மாட்டாங்க, கேட்டு வாங்குங்க.

#6 திருமங்கலம்_பட்டறை
சரிண்ணே. காயில் 15 கிலோ எடுக்கலாமா, 5 கிலோவா? காப்பர் பூச்சு இருக்கிறது, இல்லாததுன்னு ரெண்டு இருக்காம், அதுல எது?

#7 புதூர்_சர்வீஸ்
0.8-ல 15 கிலோ எடுங்க, தீந்துரும். 1.0 மாசத்துக்கு நாலு வேலைக்குத்தான்னா 5 கிலோ போதும். காரணம் துரு. ஐப்பசி கார்த்திகை மழையில மிஷின்லயே திறந்து கிடக்கிற காயில் பத்து நாள்ல மேல் சுத்து பழுப்பாயிரும். துருப் பிடிச்ச ஒயர் லைனருக்குள்ள (கன் கேபிளுக்குள்ள ஒயர் ஓடுற குழாய்) தூளைக் கொட்டும், டிப்புல (கன் முனையில ஒயருக்குக் கரண்ட் கொடுக்கிற துண்டு) கரண்ட் சரியா ஏறாது, ஆர்க் விட்டு விட்டு எரியும். ராத்திரி கழட்டிப் பாலிதீன் பையில போட்டுக் கட்டி வைங்க. அதுக்காக எண்ணெய், கிரீஸ் எதையும் தடவிராதீங்க. எண்ணெய் ஆர்க்ல எரிஞ்சு பீடுல பின்ஹோலாத்தான் (ஊசி ஓட்டை) திரும்பி வரும்.

காப்பர் பூச்சு துருவைக் கொஞ்சம் தள்ளிப் போடும், டிப்புல கரண்ட் ஏறவும் உதவும். வெல்டோட பலத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ஆனா மட்டமான பூச்சு உரிஞ்சு லைனர்ல அடைக்கும். வெள்ளைத் துணியால ஒயரை ஒரு சாண் அழுத்தித் துடைச்சுப் பாருங்க. செதிலா ஒட்டினா வேணாம். பூச்சில்லாத நல்ல கம்பெனி ஒயர் தாராளமா ஓட்டலாம், திறந்து போடுறதுல மட்டும் கூடுதல் கவனம்.

இன்னொரு சோதனை. ரெண்டு மூணு சுத்து வெட்டித் தரையில போடுங்க. 0.8 ஒயர்னா வளையம் 300 மி.மீ. விட்டத்துக்குக் குறையக்கூடாது. ஒரு முனை தரையை விட்டு 25 மி.மீ.க்கு மேல எந்திரிச்சு நிக்கக்கூடாது. எந்திரிச்சா டிப்பை விட்டு வெளிய வரும்போது ஒயர் சுழலும், பீடு பாம்பு மாதிரி நெளியும். கை நடுங்குதுன்னு வெல்டரைத் திட்டிக்கிட்டு இருப்போம்.

#8 உசிலை_டிராலி
கேஸ் இல்லாத ஒயரைப் பத்தி யாரும் சொல்லலையே. வெளி வேலைக்கு அது நல்லாத்தானே இருக்கு?

#9 மேலூர்_ஷெட்
வெளி வேலைக்கு நல்லது, ஆனா மூணு விஷயம் தெரியாம வாங்கக்கூடாது.

அது உள்ள பவுடர் அடைச்ச குழாய்க் கம்பி. அதுக்கு கன் நெகட்டிவ், எர்த் பாசிட்டிவ். முழுக்கம்பிக்கு நேர் எதிர், கன் பாசிட்டிவ். மிஷின் உள்ளயோ முன்னாடியோ மாத்திச் சொருகுற கனெக்‌ஷன் இருக்கும். அதை மாத்தாம ஓட்டிட்டு "இந்த ஒயர் குப்பை, ஒரே தெறிப்பு"ன்னு சொல்றவங்கதான் அதிகம். ஒயரைத் தள்ளுற ரோலர் முள்ளு வச்சதா இருக்கணும், வி வெட்டுல அழுத்தினா குழாய் நசுங்கும். மூணாவது ரொம்ப முக்கியம்: லேபிள்ல ஈ71டி-ஜிஎஸ்னு இருந்தா அது ஒரே பாஸுக்கான ஒயர். மேல மேல போடக்கூடாது. 8 மி.மீ. பிளேட்டு டிராலிக்கு அது ஆகாது. பல பாஸ் போடணும்னா ஈ71டி-11 கேட்டு வாங்கணும், அதுலயும் எவ்வளவு கனம் வரைக்கும்னு டப்பாவுல போட்டிருப்பான்.

#10 திருமங்கலம்_பட்டறை
0.8 போட்டு ஆரம்பிச்சாச்சுண்ணே. 2 மி.மீ. பைப். ரெண்டு அங்குலம் நல்லா போகுது, அப்புறம் பட் பட்டுனு வெடிச்சு, பீடு மேல புழு தின்ன மாதிரி ஓட்டை. கேஸ் 8-ல இருந்து 25 வரைக்கும் ஏத்திப் பாத்தாச்சு. 25-ல இன்னும் மோசம். பட்டறை மூணு பக்கம் சுவரு, முன்னாடி திறந்திருக்கு.

#11 புதூர்_சர்வீஸ்
25 வச்சா மோசமாத்தான் போகும். கன் முனை நாசில்ல இருந்து வேகமா வர்ற கேஸ் சுழிச்சு வெளிக்காத்தையும் உள்ள இழுத்துரும். 0.8 ஒயருக்கு உள்ள வேலைக்கு நிமிஷத்துக்கு 10–12 லிட்டர், 1.0-க்கு 12–15. அதுக்கு மேல வீண்.

ஒவ்வொண்ணா கழிச்சுப் பாருங்க. நாசிலைக் கழட்டி உள்ள தெறிப்பு கட்டியிருக்கான்னு பாருங்க, டிப்பு மாட்டுற பித்தளைத் துண்டுல சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், அது அடைச்சிருந்தா கேஸ் ஒரு பக்கமாத்தான் வரும். ஹோஸ் ஜாயின்ட்ல சோப்புத் தண்ணி தடவுங்க. ரெகுலேட்டர்ல ஹீட்டர் சூடாகுதா? சிலிண்டர்ல திரவமா இருக்கிற சிஓ2 ஆவியாகும்போது ரெகுலேட்டரைக் குளிர வச்சு உறைஞ்சிரும். முதல் ரெண்டு அங்குலம் நல்லா போய் அப்புறம் கெடுறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஹீட்டர் பிளக்கைப் போட்டு ஐஞ்சு நிமிஷம் கழிச்சு ஆரம்பிங்க. சிலிண்டரைப் படுக்க வச்சு ஓட்டிராதீங்க, திரவமே ரெகுலேட்டருக்கு வந்துரும்.

பெரிய மீட்டர் முள்ளைப் பாத்து கேஸ் இருக்குன்னு நம்பாதீங்க. உள்ள திரவம் இருக்கிற வரைக்கும் முள்ளு ஒரே இடத்துலதான் நிக்கும், வெயிலுக்குத் தக்கன மேல போகும். முள்ளு தானா இறங்க ஆரம்பிச்சா கதை முடியப்போகுதுன்னு அர்த்தம். எடை போட்டுத்தான் தெரியும். 30 கிலோ சிஓ2-ங்கிறது சுமார் 16,000 லிட்டர் கேஸ். நிமிஷத்துக்கு 12 லிட்டர்னா 22 மணி நேரம் ஆர்க் எரியும். அதுல பாதியிலயே தீந்தா எங்கயோ கசியுது.

#12 மேலூர்_ஷெட்
முன்னாடி திறந்திருக்குன்னா ஆடி மாசம் கஷ்டம்தான். அம்மியே பறக்குற காத்துல கேஸ் எம்மாத்திரம்? மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல காத்து வந்தாலே கேஸ் திரை கலையும், அது முகத்துல லேசா படுற காத்துதான். ஒரு தார்ப்பாயைத் தொங்க விடுங்க. தரையில வச்ச பேனையும் திருப்பி வைங்க.

#13 கப்பலூர்_பேப்ரிகேஷன்
அதெல்லாம் சரி. பைப் என்ன பைப் தம்பி? கருப்பா, வெள்ளையா?

#14 திருமங்கலம்_பட்டறை
வெள்ளைண்ணே. ஜி.பி. பைப். துருப்பிடிக்காதுன்னு பார்ட்டி கேட்டு வாங்குனது.

#15 கப்பலூர்_பேப்ரிகேஷன்
அப்ப ஓட்டைக்கு அதுதான் முதல் காரணம். ஜி.பி.ன்னா மேல துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 907 டிகிரியில கொதிச்சு ஆவியாகும். இரும்பு உருகுறதுக்கு 1,500 டிகிரிக்கிட்ட வேணும். உருகின குட்டைக்குள்ள ஆவி புகுந்து, அது உறையிறதுக்குள்ள வெளிய வர முடியாம ஓட்டையா நிக்குது. ஜாயின்ட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரு அங்குலம் கிரைண்டர்ல ஃபிளாப் டிஸ்க் போட்டு வெள்ளையை எடுத்துருங்க. பைப் உள் பக்கமும் பூச்சு இருக்கும், அதை எடுக்க முடியாது. அதனால முனையை ஒட்ட வைக்காம 1 மி.மீ. இடைவெளி விட்டா ஆவி அங்கிட்டுப் போயிரும். வேகத்தைக் கொஞ்சம் குறைச்சு, குட்டை கொதிச்சு அடங்க விட்டு நகருங்க. ஜி.பி. வேலையே நிறைய வருதுன்னா அதுக்குன்னு எஸ்-3 ஒயர் தேடலாம், சிலிக்கான் குறைவா இருக்கிறது துத்தநாகத்துக்கு நல்லது.

முடிச்சதும் அந்த இடத்துல ஜிங்க் பிரைமர். துருப்பிடிக்கக் கூடாதுன்னு வாங்கின பைப்புல ஜாயின்ட் மட்டும் முதல்ல துருப்பிடிச்சு நின்னா பார்ட்டி விடுவாரா?

அந்த வெள்ளைப் புகையை மூக்குல ஏத்தாதீங்க. ராத்திரி குளிர் காய்ச்சல் வரும். பால் குடிச்சா போதும்னு எல்லாப் பட்டறையிலயும் சொல்வாங்க, பாலுக்கும் நுரையீரலுக்கும் சம்பந்தமில்ல. முதல்லயே கிரைண்ட் பண்ணி, புகை முகத்துக்கு வராத பக்கமா நின்னு ஓட்டுறதுதான் வழி.

#16 திருமங்கலம்_பட்டறை
தேச்சுட்டு ஓட்டினதும் ஓட்டை நின்னுபோச்சு. அப்படியே 2 மி.மீ.க்கு செட்டிங் சொல்லிருங்கண்ணே. ரெண்டு நாப்ல எதை முதல்ல திருப்புறது?

#17 கப்பலூர்_பேப்ரிகேஷன்
மிக்ல ஏம்பியரை வைக்கிறது ஒயர் வேகம். 0.8 ஒயருக்கு நிமிஷத்துக்கு 1 மீட்டர்னா சுமார் 20 ஏம்பியர். 80 வேணும்னா 4 மீட்டர். மிஷின்ல மீட்டர் கணக்கு இல்லேன்னா கன் டிரிகரை 6 செகண்ட் அழுத்தி வெளிய வந்த ஒயரை அளந்து பத்தால பெருக்குங்க. வோல்ட்டுக்கு: ஏம்பியரை 20-ஆல வகுத்து 14-ஐக் கூட்டுங்க. 80-க்கு 18 வோல்ட், 150-க்கு 21.5. அங்க ஆரம்பிச்சு அரை அரையா நகர்த்துங்க. ஒயர் பிளேட்டுல குத்தி கன்னைப் பின்னாடி தள்ளினா வோல்ட் பத்தல. முனையில குண்டு குண்டா உருண்டு, டிப்பு வரைக்கும் எரிஞ்சு ஒட்டினா வோல்ட் அதிகம். சரியா இருந்தா வாணலியில அப்பளம் பொரியிற மாதிரி ஒரே சீரா சத்தம் வரும்.

டிப்புக்கும் பிளேட்டுக்கும் 10–12 மி.மீ. கன்னைத் தூரத் தூக்கினா ஏம்பியர் தானா இறங்கும், கேஸும் எட்டாது. ராடு பிடிச்ச கைக்கு இதுதான் முதல்ல பழகணும்.

#18 வைகை_வடகரை
ஆர்கான் மட்டும் போட்டா தெறிப்பே இல்லாம பளபளன்னு வருமாமே?

#19 கப்பலூர்_பேப்ரிகேஷன்
தனி ஆர்கான் எம்.எஸ்-ல ஆகாதுண்ணே. ஆர்க் நிலையா நிக்காது, ஓரத்துல வெட்டு விழும், பீடு கயிறு மாதிரி மேல நிக்கும். 80 ஆர்கான் 20 சிஓ2 கலவைதான் நீங்க சொல்றது. தெறிப்பு கம்மி, ஷீட்டுக்கு அருமை, விலை அதிகம். கலவைக்கு வோல்ட் ஒண்ணு ஒண்ணரை குறைச்சு வைக்கணும். பிளேட்டு வேலைக்கு சிஓ2 நல்லா உள்ள இறங்கும், அதுக்குக் கலவை தேவையில்ல.

#20 உசிலை_டிராலி
இப்ப டிராலிக்கு வாங்க. இதுலதான் ஆபத்து. மிக் பீடு பாக்க அழகா இருக்கும், அடியில பிடிச்சிருக்காது. ராடுல தப்பா போட்டா கசடு, ஓட்டைன்னு வெளியவே தெரியும். மிக்ல தெரியாது.

8 மி.மீ. பிளேட்டு பட் ஜாயின்ட்னா (ஓரத்தோட ஓரம் சேக்குறது) ரெண்டு ஓரத்தையும் 30 டிகிரி சாய்ச்சுத் தேச்சு, மொத்தம் 60 டிகிரி வி, அடியில 2 மி.மீ. இடைவெளி. 1.0 ஒயர், 170 ஏம்பியர் சுத்தி, 22.5 வோல்ட். முதல் பாஸ், பிரஷ், ரெண்டாவது, பிரஷ். கருப்புத் தோலை முன்னாடியே கிரைண்டர்ல எடுக்கணும். நிமிந்த ஜாயின்ட்டை மேல இருந்து கீழ இழுக்காதீங்க. குட்டை ஒயருக்கு முன்னாடி ஓடி, உருகாத பிளேட்டு மேல படிஞ்சிரும். ஷீட்டுக்கு அது சரி, பிளேட்டுக்குக் கீழ இருந்து மேலதான், ஏம்பியர் கொஞ்சம் குறைச்சு.

மூலை பீடு கால் அளவு 6 மி.மீ. வச்சா மீட்டருக்கு ஒயர் சுமார் 150–160 கிராம் ஆகும். 4 மி.மீ.னா 70 கிராம் போதும். பார்ட்டிக்குக் காட்டுறதுக்காக 10 மி.மீ. அப்பி வைக்கிறதுல ஒயரும் போகும், சேனலும் வளைஞ்சு நிக்கும்.

செட்டிங் சரியான்னு தெரிய ரெண்டு வெட்டுத்துண்டை டி மாதிரி நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் பீடு போட்டு, பீடு இல்லாத பக்கத்துல இருந்து, நிக்கிற துண்டு பீடு பக்கமா மடங்கி பீடோட அடி விரியிற மாதிரி சம்மட்டியால அடிங்க. மடங்கி ஒடைஞ்சா உள்ள பாருங்க. பிளேட்டோட மூலை அப்படியே கூர்மையா, வெட்டினபடியே தெரிஞ்சா உள்ள இறங்கல. அந்த செட்டிங்ல டிராலியைத் தொடக்கூடாது.

#21 வைகை_வடகரை
அதத்தான் ரெண்டாவது பதிவுலயே சொன்னேன்.

#22 உசிலை_டிராலி
சரிதாண்ணே. இழுவைக் கம்பு மாட்டுற இடம், கொக்கி பிளேட்டு ரெண்டுக்கும் இவரு மிஷின்லயே ராடு மோட் இருந்தா 7018 ராடு 3.15 மி.மீ. போடலாம், 110–130 ஏம்பியர். திறந்து கிடந்த ராடுன்னா 300–350 டிகிரியில ஒரு மணி நேரம் காய வச்சு. 6013 ராடு அந்த இடத்துல வேணாம்.

ஆக்சில், பின்னு இதெல்லாம் எம்.எஸ். இல்ல. பெரும்பாலும் இஎன்8 மாதிரி கெட்டி ஸ்டீல், கார்பன் 0.4 சதவீதம் சுத்தி இருக்கும். எஸ்-6 ஒயரை வச்சுப் பச்சையா (முன்னாடி சூடு பண்ணாம) ஒட்டினா பீடுக்கு ஓரத்துல கண்ணாடி மாதிரி இறுகி வெடிக்கும். லீஃப் ஸ்பிரிங் பட்டையை வெல்டே பண்ணக்கூடாது, மாத்தணும். டிராக்டரோட சேத்து மாட்டியிருந்தா பேட்டரி ஒயரைக் கழட்டிருங்க. எர்த் கிளாம்ப்பை வெல்டு பண்ற துண்டுலயே மாட்டுங்க. வீல்ல மாட்டி கரண்ட் பேரிங் வழியா போச்சுன்னா உருளை முகத்துல பொரிப் பொரியா தீஞ்சிரும்.

#23 திருமங்கலம்_பட்டறை
1.0 காயில் வாங்கியாச்சு. ஒயரை மாத்திப் போட்டதும் ரோலர்கிட்ட குருவிக்கூடு மாதிரி சுத்திக்கிச்சு. ரோலர் திருகை நல்லா இறுக்கியும் அப்படித்தான்.

#24 புதூர்_சர்வீஸ்
இறுக்கினதாலதான் கூடு கட்டுது. முன்னாடி அடைச்சுக்கிட்டா ரோலர் வழுக்கி நிக்கணும், நீங்க வழுக்க விடல. திருகை முழுசா தளத்தி, கன்னை ஒரு மரப்பலகையில சாய்ச்சுப் பிடிச்சு டிரிகர் அழுத்துங்க. ரெண்டு அங்குல தூரத்துல ஒயர் வழுக்காம வளைஞ்சு சுருண்டு வர்ற அளவுக்கு மட்டும் இறுக்குங்க. காயில் பிரேக்கும் அப்படித்தான், டிரிகரை விட்டதும் காயில் தானா சுத்தாம நின்னா போதும்.

டிப்பு 1.0 மாத்துனீங்களா? 0.8 டிப்புக்குள்ள அது எப்படிப் போகும்? லைனர் நிறத்தைப் பாருங்க. நீலம்னா 0.8 வரைக்கும், சிவப்பு 1.0–1.2-க்கு. ரோலரைக் கழட்டிப் பக்கவாட்டுல பாருங்க, ஒரு முகத்துல 0.8, இன்னொரு முகத்துல 1.0னு வெட்டியிருக்கும். எந்த நம்பர் கண்ணுக்குத் தெரியுதோ அந்த வெட்டுதான் ஓடும்னு சில மிஷின்ல, சில மிஷின்ல நேர் எதிர். ஒயர் எந்தப் பள்ளத்துல உக்காருதுன்னு கண்ணால பாத்துட்டு மூடுங்க.

#25 திருமங்கலம்_பட்டறை
லைனர் நீலம், ரோலர் 0.8 முகத்துல இருந்துச்சு, டிப்பு மட்டும்தான் மாத்தியிருந்தோம். சிவப்பு லைனர் 3 மீட்டர் எடுத்துப் போட்டா போதுமாண்ணே?

#26 புதூர்_சர்வீஸ்
3 மீட்டர் கன்னுக்கு அதே அளவு எடுத்து, கேபிளை நேரா நீட்டிப் போட்டபடி உள்ள ஏத்துங்க, முனையை டிப்பு ஹோல்டர் வரைக்கும் முட்ட விட்டு வெட்டுங்க. குறைச்சு வெட்டினா நடுவுல இடைவெளியில ஒயர் மடங்கும். வெட்டின முனையில பிசிறு இல்லாம அரம் போட்டுருங்க. காயில் மாத்தும்போதெல்லாம் லைனரை காத்து அடிச்சு ஊதணும். டிப்பு ரெண்டு சைஸ்லயும் பத்துப் பத்து வாங்கி வைங்க, ஓட்டை முட்டை வடிவமாயிட்டா தூக்கிப் போட்டுரணும்.

#27 திருமங்கலம்_பட்டறை
மாத்தியாச்சு, சீரா வருது. டி துண்டு ரெண்டு போட்டு அடிச்சுப் பாத்தோம். 150-ல மூலை அப்படியே இருந்துச்சு, 175-ல மூலை உருகிக் கலந்து, பிளேட்டே கிழிஞ்சு வந்துச்சு.

#28 உசிலை_டிராலி
175-லயே வச்சு ஓட்டுங்க. சாயங்காலம் லைன் இறங்கின பிறகு அதே நாப்ல இன்னொரு துண்டு போட்டு அடிச்சுப் பாத்துட்டு அப்புறம் டிராலிக்குப் போங்க.